தரகு வாங்குகிறவரின் பொறுப்பு



அறுபதுகளின் அமெரிக்கக் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. படங்களைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதியவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டவர்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கார்களில் ஒன்றுக்கு மட்டும் எப்படி இத்தனை மடங்கு விலை? வாங்குகிறவர் ஏமாந்துவிட மாட்டாரா?

ஏமாறுகிறார்கள். விவரம் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறது என்பதை இந்த மாதம் இந்தப் பக்கத்தில் பேசிவிடலாம் என்று தோன்றியது.

1969ஆம் ஆண்டு மாடலாக ஷெவ்ரலே 2,40,000க்கும் அதிகமான கமேரோ கார்களைச் செய்தது. அவற்றில் 69 கார்களில் மட்டும் 427 கன அங்குல அலுமினிய இன்ஜின் இருந்தது. இஸட்எல்-1 என்று அதற்குப் பெயர். இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் ஷெவ்ரலே விற்றுக்கொண்டிருந்த பிரெட் கிப் என்ற டீலர், பந்தயத்துக்காக ஐம்பது வண்டிகள் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்ததால் பிறந்த வண்டி அது. இன்ஜினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் விலை போட்டார்கள். சாதாரணக் கமேரோ முழுதாகவே அதைவிட மலிவு. விற்றுத் தீர்க்க முடியாமல் கிப் பல வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். அன்று யாருக்கும் வேண்டாத அந்த வண்டிக்கு இன்று பல லட்சம் டாலர். பிளிமத் செய்த 1971 ஹெமி கூடா கதையும் இதுதான். அதில் மடக்குக் கூரை வைத்தவை பதினொன்று என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. 2014இல் சியாட்டிலில் மீக்கம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அப்படி ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது.

சாதாரணக் கமேரோவின் கூடும் இஸட்எல்-1இன் கூடும் ஒன்றுதான். இன்ஜினைக் கழற்றி மாட்டலாம். பேட்ஜ், சக்கரம், சீட்டுத் துணி எல்லாம் கடையில் கிடைக்கும். நல்ல கைகாரர் கையில் கொடுத்தால் ஒரு குளிர்காலத்துக்குள் ஆறு சிலிண்டர் வண்டியைப் பந்தய வண்டியாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே, இது தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொல்ல மிஞ்சியிருப்பது காகிதம் ஒன்றுதான். விலை நிற்பதும் அதன் மேல்தான்.

அந்தக் காகிதங்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. யாரும் பாதுகாத்து வைக்கவேண்டும் என்று நினைத்துச் செய்தவை அல்ல அவை. ஷெவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் 1972 வரை தன் வண்டிகளோடு ஒரு சிறு உலோகத் தகட்டைக் கொடுத்தது. புரொடெக்ட்-ஓ-பிளேட் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும். வாரண்டிப் புத்தகத்துக்குள் ஒட்டியிருக்கும். வண்டி சர்வீஸுக்கு வந்தால் அந்தத் தகட்டை அச்சுக்கருவியில் வைத்து அழுத்தி, புடைத்த எழுத்துகளை வாரண்டிப் படிவத்தில் பதித்துக்கொள்வார்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜினின் குறியீடு, கியர்பாக்ஸ், பின் அச்சு, கார்புரேட்டர், வண்டி தயாரான மாதம் எல்லாம் இரண்டு மூன்று வரியில் அடங்கிவிடும். வாரண்டி முடிந்ததும் தூக்கிப் போடவேண்டிய பொருள். ஐம்பது ஆண்டு கழித்து அதுவே வண்டியின் ஜாதகமாகிவிட்டது.

ஷெவ்ரலேயின் கார்வெட்டில் 1967 முதல், எந்தெந்தப் பாகம் மாட்டவேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லும் தாளைப் பெட்ரோல் டேங்கின் மேலேயே ஒட்டி அனுப்பினார்கள். அரை நூற்றாண்டின் தூசியும் எண்ணெயும் குடித்த அந்தத் தாளை டேங்கோடு சேர்த்துக் கழற்றி, பஞ்சால் ஒற்றி ஒற்றிப் படிப்பார்கள். கிரைஸ்லர் வண்டிகளில் அதே மாதிரித் தாள் சீட்டு ஸ்பிரிங்குகளுக்குள் சுருண்டு கிடக்கும், அல்லது கம்பளத்துக்கு அடியில். சில வேளை பக்கத்து வண்டியின் தாள் இதில் இருக்கும். தொழிலாளி அவசரத்தில் மாற்றிச் செருகியிருப்பார். தன் வண்டியின் தாள் இன்னொருவர் காரில் இருக்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். ஃபோர்டு தன் தயாரிப்புப் பதிவுகளைக் காத்து வைத்தது. 1967 முதலான ஃபோர்டு காரின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால், உரிமம் பெற்ற மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற நிறுவனம் அந்த வண்டி பிறந்த விவரத்தைத் தருகிறது. பான்டியாக் வண்டிகளின் விலைப்பட்டியல் நகல்கள் மைக்ரோஃபிலிமில் பிழைத்திருக்கின்றன. அமெரிக்காவில் விற்ற ஷெவ்ரலேக்களுக்கோ வண்டிவாரியாகத் தேடிப் பார்க்க அப்படி ஒரு பதிவு பொதுவாக மிஞ்சவில்லை. கனடாவில் விற்றவற்றுக்கு மட்டும் அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்தது. நம் ஊரில் தாய்ப்பத்திரம் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துவிடலாம். அந்த அலுவலகமே இல்லாத ஊரில், கையில் பத்திரம் வைத்திருப்பவர் சொல்வதுதான் எல்லை. ஷெவ்ரலேயின் நிலை அதுதான். ஆவணக் காப்பகம் இல்லாத இடத்தில்தான் போலி ஆவணம் தழைக்கிறது.

போலி எப்படித் தயாராகிறது? அதன் தொடக்கம் குற்றமில்லாத ஒரு தேவை. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவருக்குப் புதிய ரப்பர் பீடிங் வேண்டும், புதிய ஸ்டிக்கர் வேண்டும். ஏர் ஃபில்டர் மேல் ஒட்டும் ஸ்டிக்கரை யாராவது மறுபடி அச்சடித்துத் தந்தால்தான் வண்டி முழுமையாகும். ஷோரூமில் வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் விலைச் சீட்டும் அப்படித்தான். செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமான சீட்டு அது; கண்காட்சியில் வண்டிக்குப் பக்கத்தில் வைக்க அழகாக இருக்கும். இதையெல்லாம் செய்து விற்கும் கைவினைஞர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் பாதி வண்டிகள் துருப்பிடித்துப் போயிருக்கும்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. "சேஸிஸ் நம்பரை அனுப்புங்கள், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று சொல்லுங்கள், அப்படியே அடித்துத் தருகிறோம்" என்ற விளம்பரம். வாங்குகிறவர் தொலைந்துபோன தன் தகட்டுக்கு மாற்றாகவும் கேட்கலாம். இல்லாத இன்ஜினை இருந்ததாகக் காட்டவும் கேட்கலாம். அடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். புதுத் தகடு பளபளவென்று வரும். அதை மங்கவைக்க வழி உண்டு. புதுத் தாளுக்குத் தேநீர்க் கறை ஏற்றுவது உலகமெங்கும் உள்ள பழைய தந்திரம்.

இன்ஜினிலும் இதே வேலை நடக்கிறது. 1968 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் சேஸிஸ் நம்பரின் ஒரு பகுதியை இன்ஜின் பிளாக்கிலும் குத்தியது. அந்த எண் குத்திய சமதளத்தை டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், இழைத்த இயந்திரத்தின் மெல்லிய இணைகோடுகள் தெரியும். பழைய எண்ணைச் சீவி எடுத்தால் அந்தக் கோடுகளும் போய்விடும். அதனால் இப்போது கோடுகளையும் சேர்த்தே போலியாகப் போடுகிறார்கள். எண்ணை மாற்றுவதை அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியது. ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் அந்தச் சட்டம் காப்பது வண்டியில் பதித்த எண்ணை. சீட்டுக்கு அடியில் கிடைக்கும் தாளைக் காக்க அது வரவில்லை.

இனி சந்தைக்கு வருகிறேன். 1995இல் தொடங்கிய இணையச் சந்தையான ஈபே, 1999இல் இண்டியானாவின் பழைய கார் ஏல நிறுவனமான குரூஸை வாங்கியது. அடுத்த ஆண்டே ஈபே மோட்டார்ஸ் வந்தது. அதுவரை பழைய கார் வாங்க நேரில் போகவேண்டும், கீழே படுத்துப் பார்க்கவேண்டும், விற்கிறவர் முகத்தைப் பார்க்கவேண்டும். இணையம் வந்த பிறகு பத்துப் படங்களைப் பார்த்து ஆயிரம் மைல் தாண்டியிருந்து பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பத்துப் படங்களில் இரண்டு, தகட்டின் படமும் தாளின் படமும். நேரில் பார்த்தால் சந்தேகம் தட்டக்கூடிய தாள், படத்தில் அசலாகவே தெரியும்.

என்னை உறுத்துவது இதுதான்: சேஸிஸ் நம்பர் கேட்டு அடித்துத் தரும் தகடு இணையச் சந்தையில் விற்பனையாகிறது. அந்தத் தகட்டைக் காட்டி வண்டியும் இணையச் சந்தையில் விற்பனையாகிறது. சில நேரம் இரண்டும் ஒரே சந்தை. மோசடியின் தொடக்கத்திலும் முடிவிலும் அதே கல்லாவில் தரகு விழுகிறது. மோசடிக்காரரை விட்டால் இரண்டு விற்பனையும் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சந்தைதான். வாங்குகிறவருக்கு முதல் விற்பனை தெரியாது. தகடு அடித்தவருக்கு இரண்டாவது தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆவது பிரிவு, பிறர் எழுதிப் போட்டதற்கு இணையதளத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்கிறது. சமூகத்தில் கருத்துகள் தடையின்றிப் புழங்கவேண்டும் என்பதற்கான பாதுகாப்பு. அதன் நல்ல பக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2002இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஜென்ட்ரி வழக்கைப் பாருங்கள். விளையாட்டு வீரர்களின் கையெழுத்து என்று சொல்லி விற்ற பொருள்களை ஈபே வழியாக வாங்கியவர்கள், கையெழுத்துகள் போலி என்று அறிந்து வழக்குப் போட்டார்கள். அத்தகைய பொருளோடு உண்மைச் சான்றிதழ் தரவேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. அதை ஈபே தரவில்லை என்பது அவர்கள் வாதம். விற்றது ஈபே அல்ல, விவரம் எழுதியதும் ஈபே அல்ல, 230ஆவது பிரிவு காக்கிறது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கார் ஆவணத்துக்கு இதைவிட நெருங்கிய வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தத் தீர்ப்பு இணையக் கடையை அறிவிப்புப் பலகையாகப் பார்த்தது. பலகை தரகு வாங்குவதில்லை, பணத்தைக் கைமாற்றித் தருவதில்லை, இந்தச் சுவரொட்டியை முதலில் பாருங்கள் என்று யாரையும் அழைப்பதில்லை.

2008இல் பதினான்கே நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஜூன் 30 அன்று பாரிஸ் வணிக நீதிமன்றம், லூயி விட்டான் குழும நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில் ஈபே சுமார் 4 கோடி யூரோ கட்டவேண்டும் என்றது. மேல்முறையீட்டில் தொகை பெரிதும் குறைந்தது. ஜூலை 14 அன்று நியூயார்க் நீதிமன்றம், டிஃபனி நகை நிறுவனம் தொடுத்த வழக்கில் ஈபே பக்கம் நின்றது. போலிகள் பொதுவாக விற்பனையாகின்றன என்று தெரிந்திருந்தால் போதாது, குறிப்பிட்ட எந்த விளம்பரம் போலி என்று தெரிந்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 2010இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அழகுசாதன நிறுவனமான லோரியல் ஈபே மீது தொடுத்த வழக்கில் 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் நடுவில் ஒரு வழி சொன்னது: விற்பனைக்கு வந்ததை எடுப்பாகக் காட்டவும் விளம்பரப்படுத்தவும் சந்தை கைகொடுத்திருந்தால், வெறும் இடைத்தரகர் என்ற பாதுகாப்பு அதற்கு இல்லை. எனக்கு இந்தத் தீர்ப்பே நியாயமாகப் படுகிறது. கை நீட்டிய அளவுக்குப் பொறுப்பு.

ஆனால் இந்த மூன்று வழக்குகளிலும் ஒரு விஷயம் பொது. வழக்குப் போட்டவர் பெரிய கம்பெனி. டிஃபனியால் ஆள் வைத்து விளம்பரங்களைப் படிக்க முடியும், இது போலி என்று புகார் கொடுக்க முடியும். ஈபேயில் அதற்கென்றே உரிமையாளர்களுக்கான புகார் ஏற்பாடு இருக்கிறது. போலித் தகடு விற்பனைக்கு வரும் நாளில் புகார் கொடுக்க யார் இருக்கிறார்? ஏமாறப்போகிறவர் அந்த வண்டியின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மூன்று ஆண்டோ பத்து ஆண்டோ கழித்து அவர் வருவார். அப்போது அந்தத் தகட்டு விளம்பரம் பார்வையிலிருந்தே மறைந்து போயிருக்கும். குறிப்பிட்ட போலியைச் சுட்டிக்காட்டு என்று கேட்கும் சட்டம், சுட்டிக்காட்ட ஆளில்லாத இடத்தில் தோற்றுப்போகிறது.

புதிய சட்டங்களும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. 2023 ஜூனில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த இன்ஃபார்ம் சட்டம், விற்பனையாளர் யார் என்று சந்தை சரிபார்க்கவேண்டும் என்கிறது. ஆனால் பன்னிரண்டு மாதத்தில் 200 விற்பனையும் 5,000 டாலர் வருமானமும் எட்டியவர்களுக்கு, அதுவும் புதிய பொருளுக்கு மட்டும். ஐம்பது வயதுக் கார் அதில் வராது. 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாகச் செல்லும் ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டம் வணிகர்களின் அடையாளத்தைக் கேட்கிறது. சொந்தக் காரை விற்கும் தனி ஆளை விட்டுவிடுகிறது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கோடிக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட வண்டியின் எண்ணைப் பதித்து ஆவணம் செய்து தருகிறோம் என்ற விளம்பரத்தைச் சந்தை ஏற்கக் கூடாது. ஏற்றால், நகல் என்ற சொல் தகட்டிலேயே, அழிக்க முடியாதபடி, பொறித்திருக்கவேண்டும். கண்காட்சிக்கு வாங்குகிறவருக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. விற்ற தகட்டின் சேஸிஸ் நம்பரைச் சந்தை பதிந்து வைக்கவேண்டும். அதே எண்ணுள்ள கார் பின்னால் விற்பனைக்கு வந்தால், இந்த எண்ணுக்கு இன்ன ஆண்டில் இங்கே ஒரு நகல் தகடு விற்றோம் என்று விளம்பரத்தின் மேலேயே காட்டவேண்டும். நேற்று நான் தேடிய செருப்பை இன்று என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்த கணினிக்கு, இரண்டு எண்களைப் பொருத்திப் பார்ப்பது வேலையே அல்ல. வண்டி விளம்பரங்களையும் படங்களையும் அழிக்காமல் நீண்ட காலம் தேடிப் பார்க்கும்படி வைக்கவேண்டும். ஒரே வண்டி முதலில் தாள் இல்லாமலும் பிறகு தாளோடும் விற்பனைக்கு வந்திருந்தால், அதுவே சாட்சி.

இதையெல்லாம் செய்யத் தவறி, அதனால் ஒருவர் ஏமாந்தால், தரகுப் பணத்தையாவது திருப்பித் தரும் கடமை சந்தைக்கு வேண்டும். செலவாகும் என்பார்கள். ஆகட்டும். வாங்குகிறவருக்கு வண்டியே வந்து சேராமல் போவது போன்ற சில மோசடிகளுக்கு ஈபே ஏற்கனவே பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்கிறது. மனம் வைத்தால் பொறுப்பேற்க முடியும் என்பதற்கு அவர்களே எடுத்துக்காட்டு.

நமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு தாண்டிய, சேஸிஸும் கூடும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கிறது. ஏற்கனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி. வேண்டும். அன்றிலிருந்து, கொட்டகையில் கிடந்த பழைய ஆர்.சி. புத்தகத்துக்கும் ஒரு விலை வந்துவிட்டது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு இணையச் சந்தைக்குக் குடை பிடிக்கிறது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் லூபுட்டான் காலணி வழக்கில், விற்பனையில் தீவிரமாகப் பங்கெடுக்கும் தளத்துக்கு அந்தக் குடை கிடையாது என்ற பார்வையை முன்வைத்தது. பழைய வண்டி ஆவணத்துக்கும் அந்தப் பார்வை நீளவேண்டும்.

பழைய புல்லட்டோ பியட்டோ இணையத்தில் பார்த்து வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தைப் பார்த்த அன்றே எல்லாப் படங்களையும் சேமித்துவிடுங்கள். ஆர்.சி.யின் படத்தை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். அசலைக் கையில் வாங்கி, சேஸிஸில் குத்திய எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். பதிவு எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்படி விசாரித்ததால் தப்பித்தவர்கள், விசாரிக்காமல் மாட்டிக்கொண்டவர்கள், இருவருமே எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில், குத்திய எண்ணை டார்ச் வெளிச்சத்தில் எப்படிப் பார்ப்பது என்று ஒரு மூத்த மெக்கானிக்கின் துணையோடு நான்கு பக்கம் படங்களாகப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்